13 மில்லிமீட்டர்: இணையச் சந்தையின் பொருள்வகை மேலாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,



இணையச் சந்தையில் ஒரு பொருளை விற்பனைக்கு ஏற்றும் வணிகர் முதலில் அதற்குரிய வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதும், அந்த ஒரு தேர்வே அப்பொருள் எந்தத் தேடலில் வாடிக்கையாளர் கண்ணில் படும், விற்பனைப் படிவம் எந்தெந்த விவரங்களைக் கேட்கும், சந்தை எவ்வளவு தரகு பிடிக்கும், எத்தனை நாளுக்குள் பொருளைத் திருப்பி அனுப்பலாம் என்பன போன்ற எல்லாவற்றையும் முடிவு செய்துவிடுகிறது என்பதும் மேலாளர் அவர்கள் நன்கு அறிந்தவை. அந்த ஏற்பாட்டை வகுத்த அலுவலகமே அவருடைய பொறுப்பில் இருக்கிறது. மின்வணிகத்துக்கென மைய அரசு 2020இல் பிறப்பித்த விதிகளையும், குறைதீர்க்கும் அலுவலருக்கு அவை விதித்த காலக்கெடுவையும் எடுத்துக்காட்டிய முறையீடுகள் முன்னரே சென்று சேர்ந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரே அச்சில் வார்த்த பதிலே திரும்பி வந்திருப்பதால், அவற்றை மீண்டும் ஓதுவதில் பயனில்லை. தனிக் கடிதங்களுக்குக் கிடைக்காத கவனம் பொதுவில் வைக்கப்படும் மடலுக்காவது கிடைக்க வேண்டும் என்பதற்காக இது எழுதப்படுகிறது. இதில் பேசப்படுவது ஒரு சைக்கிள் டயர்.

தென்தமிழகச் சிற்றூர் ஒன்றில் சைக்கிள் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் வணிகர் ஒருவர் விற்பனைக்கு ஏற்றிய அந்த டயர், கடைகளில் 28 × 1½ என்று கேட்டு வாங்கப்படும் அளவைச் சேர்ந்தது. நடுவில் பார் வைத்து, கேபிளுக்குப் பதிலாக இரும்புக் கம்பிகளால் பிரேக் பிடிக்கும்படி அமைந்து, பின்னால் மூட்டை தாங்கும் கனத்த கேரியரோடு வரும் கறுப்பு சைக்கிளுக்கு, வணிகத்தில் ரோட்ஸ்டர் எனப்படும் அந்த வண்டிக்கு உரிய டயர் அது. அம்பத்தூரிலும் லூதியானாவிலும் சோனிப்பத்திலும் பல பத்தாண்டுகள் அமைப்பு அதிகம் மாறாமல் செய்யப்பட்ட அந்த வண்டியைப் பால் கேன் கட்டிச் செல்பவரும், பழைய இரும்பு எடுப்பவரும், விடியலில் டீ விற்கப் போகிறவரும் இன்றும் ஓட்டுகிறார்கள். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தின் வழியாகப் பெண்கள் பெருந்திரளாகச் சைக்கிள் பழகியபோது, பெண்களுக்கான வண்டி போதாமல் அவர்களில் பலர் ஓட்டியதும் இந்தப் பார் வைத்த வண்டியைத்தான். இதற்கு டயர் தேடும் மனிதருக்கு இணையச் சந்தை உண்மையாகவே உதவக்கூடியது. ஏனெனில் பக்கத்து ஊர்க் கடைகள் பலவற்றில் இந்த அளவு இப்போது இருப்பில் வைக்கப்படுவதில்லை.

28 என்ற எண் டயரின் வெளிவிட்டத்தைக் குறிக்கப் பிறந்தது. காற்றடித்த பின் சக்கரத்தின் ஒட்டுமொத்த உயரம் மாறாதிருக்க வேண்டும் என்று கருதிய பழைய தயாரிப்பாளர்கள் தடித்த டயருக்குச் சிறிய ரிம்மையும் மெல்லிய டயருக்குப் பெரிய ரிம்மையும் அமைத்ததால், ஒரே 28 அங்குலப் பெயரின்கீழ் வெவ்வேறு விட்டமுள்ள ரிம்கள் வழக்கில் நிலைத்துவிட்டன. ரிம் என்பது ஸ்போக்ஸ் கம்பிகள் வந்து முடியும் உலோக வளையம். டயரின் இரு ஓரங்களிலும் ரப்பருக்குள் புதைந்திருக்கும் எஃகுக் கம்பி வளையம், பீட் எனப்படுவது, அந்த ரிம்மில் அமர்ந்துதான் டயரைப் பிடித்து நிறுத்துகிறது. ஆகவே ஒரு டயர் ஒரு சக்கரத்துக்குப் பொருந்துமா என்பதை வெளிவிட்டத்தைக் கொண்டு சொல்ல இயலாது. கம்பி வளையம் அமரும் இடத்தின் விட்டம் தெரிய வேண்டும். கால் அளவைக் கேட்காமல் ஆளின் உயரத்தைக் கேட்டுச் செருப்பு எடுத்துக் கொடுப்பதைப் போன்றதே அங்குல எண்ணை மட்டும் கேட்டு டயர் விற்பது.

இக்குழப்பத்துக்குத் தீர்வாக, டயர்களுக்கும் ரிம்களுக்குமான ஐரோப்பியத் தொழில்நுட்ப அமைப்பு ஒரு முறையை வகுத்தது. ஐ.எஸ்.ஓ. 5775 என்ற பன்னாட்டுத் தரநிலையிலும் இடம்பெற்ற அம்முறைப்படி, டயரின் பக்கச் சுவரில் இரண்டு எண்கள் பொறிக்கப்படுகின்றன: முதலாவது அகலம், இரண்டாவது கம்பி வளையம் அமரும் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். 28 × 1½ டயரில் அது 40-635. நகர்ப்புறங்களில் ஓடும் கியர் சைக்கிள்களில், சாலை வண்டிக்கும் மலை வண்டிக்கும் இடைப்பட்டதாக ஹைப்ரிட் என்று அழைக்கப்படும் வகையில், பெரும்பாலும் 700சி எனப்படும் சக்கரம் பூட்டப்பட்டிருக்கும். அதன் விட்டம் 622. ஐரோப்பிய வழக்கில் அந்த டயருக்கும் 28 அங்குலம் என்றே பெயர் உண்டு. இரண்டுக்கும் இடையே 13 மில்லிமீட்டர் இடைவெளி. சுற்றளவில் கணக்கிட்டால் ஏறத்தாழ 41 மில்லிமீட்டர். ஒரு பெரிய ரிம்மில் சிறிய டயரை மாட்ட முயன்றால் எஃகுக் கம்பி நீளாது, டயர் ஏறாது, நட்டம் அத்தோடு முடிந்துவிடும். சிறிய ரிம்மில் பெரிய டயரோ எளிதாக ஏறிவிடும். காற்று அடிக்கும்போதுதான் அது ரிம்மை விட்டு எழும்பி, உள்ளே இருக்கும் டியூப் வெளியே பிதுங்கி வெடிக்கும்.

அந்த வணிகர் தம் டயரை ஏற்றியபோது சந்தையின் பட்டியலில் மலை சைக்கிள் டயர், சாலை சைக்கிள் டயர், ஹைப்ரிட் சைக்கிள் டயர், குழந்தைகள் சைக்கிள் டயர் என்ற உள்வகைகள் இருந்தன. நாட்டின் மிகப் பழைய, மிகப் பரவலான வண்டிகளில் ஒன்றான ரோட்ஸ்டருக்கு உள்வகை இருக்கவில்லை. எனவே அவர் 'மற்றவை' என்பதைத் தேர்ந்தெடுத்து, தலைப்பிலும் விளக்கத்திலும் 28 × 1½ என்றும் 40-635 என்றும் எழுதி, பார் வைத்த பழைய சைக்கிளுக்கு மட்டும் பொருந்தும் என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் குறிப்புச் சேர்த்து, பக்கச் சுவரில் புடைத்து நிற்கும் எண்கள் தெரியும்படி படமும் எடுத்துப் போட்டார். நேர்மையான ஒரு வணிகர் இதற்கு மேல் செய்யக்கூடியது ஏதும் இல்லை. அதன்பின் சந்தையின் தானியங்கி மென்பொருள், அதாவது தலைப்பையும் படத்தையும் பார்த்துத் தானாகவே வகையை ஊகிக்கும் நிரல், அந்த டயரை ஹைப்ரிட் உள்வகைக்கு மாற்றியது. அந்த உள்வகைக்கென்று வகுக்கப்பட்ட வாய்பாட்டின்படி தலைப்பும் திருத்தி எழுதப்பட்டது. அதில் 40-635 நீக்கப்பட்டு 700சி சேர்க்கப்பட்டது. வணிகருடைய ஒப்புதல் கேட்கப்படவில்லை.

வகை மாற்றம் என்று அலுவலகக் குறிப்புகளில் ஒற்றைச் சொல்லாக முடிந்துவிடும் இந்தச் செயலின் விளைவை மேலாளர் அவர்கள் ஒருமுறையாவது முழுமையாகப் பின்தொடர்ந்து பார்க்க வேண்டும். ஹைப்ரிட் வண்டி வைத்திருப்பவர்கள் விலை குறைவாக இருப்பதைக் கண்டு அந்த டயரை வாங்கினார்கள். வாங்கியவர்கள் மேல் எந்தக் குற்றமும் இல்லை, ஏனெனில் சந்தையே அவர்களிடம் 700சி என்று சொன்னது. அவர்கள் மாட்டிப் பார்த்து, பொருந்தாமல் திருப்பி அனுப்பினார்கள். திருப்பி வந்த ஒவ்வொரு டயருக்கும் கூரியர் செலவு வணிகரின் கணக்கிலிருந்து பிடிக்கப்பட்டது. ஒற்றை நட்சத்திர மதிப்பீடுகள் சேர்ந்தன. திரும்பி வரும் பொருட்களின் விகிதம் கூடியதால் அவருடைய மற்றப் பொருட்களும், எந்தக் குறையும் இல்லாத பெடல்களும் செயின்களும் மட்கார்டுகளும், தேடலில் பின்னுக்குத் தள்ளப்பட்டன. மறுபுறம், உண்மையிலேயே அந்த டயர் வேண்டியிருந்த ரோட்ஸ்டர்க்காரர் தேடும்போது அது அவர் கண்ணில் படவில்லை. விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையில் நின்று இருவரையும் சேர்த்துவைப்பதே தன் வேலை என்று சொல்லிக்கொள்ளும் நிறுவனம், இருவரும் சந்திக்க முடியாதபடி செய்திருக்கிறது.

திருப்பி அனுப்பியவர்களில் ஒருவர் தம் புகாரோடு ஒரு நிழற்படத்தையும் இணைத்திருந்தார். வணிகர் தவறான பொருளை அனுப்பியதற்குச் சான்று என்று சொல்லி, அந்தப் படத்தைச் சந்தையின் அலுவலகமே வணிகருக்கு அனுப்பிவைத்தது. கவிழ்த்து வைத்த சைக்கிளின் பின்சக்கரம் அதில் தெரிகிறது. ஒரு பக்கத்தில் டயரின் ஓரம் ரிம்மைத் தாண்டி வெளியே வந்து தொங்க, அந்த இடைவெளியில் டியூப் உள்ளங்கை அகலத்துக்கு ஊதிப் பிதுங்கியிருக்கிறது. படத்தின் மேற்பகுதியில் டயரின் பக்கச் சுவரில் 40-635 என்ற எண்களை எவரும் படிக்கலாம். அதற்கு நேர் கீழே, ரிம்மில் ஒட்டிய தாளில் 622 என்ற எண் இருக்கிறது. வணிகர் மேல் சுமத்தப்பட்ட குற்றத்துக்குச் சான்றாக வைக்கப்பட்ட படத்திலேயே அவர் குற்றமற்றவர் என்பதற்கான இரண்டு எண்களும் ஒரு சாண் தொலைவில் நின்றன. அவற்றைப் படித்துப் பார்க்க அந்த அலுவலகத்தில் ஒருவர்கூட இல்லை.

காற்று அடிக்கும்போதே வண்டி கவிழ்ந்த நிலையில் நின்றிருந்ததால் அந்த வாடிக்கையாளருக்குத் தீங்கு நேரவில்லை. குறைந்த காற்றோடு அந்த டயர் ஓரளவு நின்று, பாலத்தின் இறக்கத்திலோ லாரிகள் நெருக்கும் புறவழிச் சாலையிலோ கழன்றிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. தவறான உள்வகை ஒருவரின் உடலுக்கு ஊறு செய்யக்கூடும் என்பது மென்பொருளுக்குத் தெரியாது; அதை ஏவியவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகு வணிகருக்கு வந்த கடிதம், பொருளைத் தவறான வகையில் பட்டியலிட்டதற்காக அவரை எச்சரித்தது. அவர் தேர்ந்தெடுக்காத வகைக்காக, அவர் எழுதாத தலைப்புக்காக, அவர் எச்சரிக்கப்பட்டார். அவர் டயரைப் பழையபடி 'மற்றவை'க்கு மாற்றினார். மென்பொருள் அதை மீண்டும் ஹைப்ரிட்டுக்கு இழுத்தது. அவர் மறுபடி மாற்றியபோது, வகையை அடிக்கடி மாற்றித் தேடலில் முன்னுக்கு வர முயல்கிறார் என்ற ஐயத்தின் பேரில் அந்தப் பொருளின் விற்பனை நிறுத்திவைக்கப்பட்டது. உதவி மையத்தை அழைத்தால் சரியான வகையைத் தேர்ந்தெடுக்கவும் என்று அறிவுரை. மின்னஞ்சல் அனுப்பினால், சரியான வகையைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்ற கையேட்டுக்கு வழிகாட்டி. பல ஆண்டுகளாக டயர் மாட்டிக் கைகளில் காய்ப்பேறிய ஒருவருக்கு, டயரைத் தொட்டுப் பார்த்திராத ஒரு நிரலின் முடிவை ஏற்றுக்கொள்ளுமாறு கற்பிக்கப்பட்டது.

பொருட்களை வகைப்படுத்துவது எழுத்தர் வேலை என்று எண்ணுவதே இதன் வேர். பன்னாட்டு வணிகத்துக்கெனச் சுங்கத் துறைகள் பின்பற்றும் ஒத்திசைவுப் பட்டியலில் சைக்கிளுக்கு 8712 என்ற தலைப்பும், அதன் உதிரிபாகங்களுக்கு 8714 என்ற தலைப்பும், சைக்கிள் டயருக்கு ரப்பர்ப் பொருட்களுக்குள் 4011 50 என்ற தனி இலக்கமும், டியூபுக்கு 4013 20 என்ற வேறு இலக்கமும், குழந்தைகள் ஓட்டும் மூன்று சக்கர வண்டிக்கு விளையாட்டுப் பொருட்களுக்குரிய 9503 என்ற தலைப்பும் பிரித்துத் தரப்பட்டிருக்கின்றன. வரி விதிப்பவர்களுக்கே இவ்வளவு நுட்பம் தேவைப்படும்போது, பொருளை மனிதர் கையில் கொண்டுபோய்ச் சேர்ப்பவருக்கு எவ்வளவு தேவைப்படும்?

இதைவிட அருகிலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. 1892இல் சீர்காழியில் பிறந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்ற சீ. இரா. ரங்கநாதன், 1933இல் வெளியிட்ட கோலன் பகுப்பு முறையில், ஏற்கெனவே செய்துவைத்த பெட்டி ஒன்றில் நூலைத் திணிக்கும் பழக்கத்தை விட்டு, நூலின் பொருளை முகம் முகமாகப் பிரித்து, ஒவ்வொரு முகத்துக்கும் உரிய குறியீட்டைக் கோத்து அதன் இடத்தை வரையறுக்கும் வழியைக் காட்டினார். இன்றைய இணையச் சந்தைகளில் விலை, அளவு, நிறம் என்று தேடலைச் சுருக்கிக்கொண்டே போக உதவும் வடிகட்டிகள் அனைத்தும் அந்தச் சிந்தனையின் வழியில் வந்தவையே. அவர் கண்ட வழியில் டயரை வைத்துப் பார்த்தால், எந்த வகை வண்டி என்பது ஒரு முகம், அகலம் ஒரு முகம், ரிம் விட்டம் ஒரு முகம். ரிம் விட்டம் என்ற முகத்தை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் கேட்பது, நூலின் பெயரைக் கேட்காமல் அட்டையின் நிறத்தைக் குறித்துக்கொள்ளும் நூலகரின் வேலை. அப்படிப்பட்ட நூலகரை ரங்கநாதன் ஒரு நாளும் பொறுத்திருக்க மாட்டார்.

டயரோடு இது நிற்கவும் இல்லை. ரோட்ஸ்டர் வண்டிகள் 22 என்றும் 24 என்றும் கேட்டு வாங்கப்படுபவை. அந்த எண் சட்டத்தின் உயரத்தைக் குறிக்கும், சக்கரம் 28ஆகவே இருக்கும். குழந்தைகள் வண்டியிலோ 16, 20, 24 என்பவை சக்கரத்தின் விட்டம். இரண்டையும் அங்குல எண்ணாக மட்டுமே அறிந்த அதே மென்பொருள், 24 அங்குலச் சட்டமுள்ள வண்டியை, உயரமான ஆண்களுக்கே கால் எட்டும் வண்டியை, சிறுவர் சைக்கிள் பட்டியலில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறது. 26 அங்குலம் என்ற பெயரின்கீழ் 559, 584, 590 என்று ஒன்றோடொன்று பொருந்தாத ரிம்கள் இருக்கின்றன. தேடலில் அவை எல்லாம் ஒரே வரிசையில் வருகின்றன. தமிழ்நாட்டில் 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்கெனத் தொடங்கி, 2005-06இல் மற்ற மாணவ மாணவியருக்கும் விரிந்த விலையில்லா மிதிவண்டித் திட்டத்தால் சைக்கிள் நுழைந்த வீடுகள் ஏராளம். அந்த வண்டிகளுக்கு டயரும் டியூபும் தேய்ந்தபோது, கைபேசியில் தேடி, மீதமிருக்கும் பணத்தைச் செலுத்தி, வந்தது பொருந்தாமல் நிற்கும் குடும்பத்துக்கு அந்த வாரம் முழுவதும் நடைதான்.

மேலாளர் இந்தப் பட்டியலை வடிவமைத்தபோது எந்தெந்தச் சைக்கிள்களை மனத்தில் வைத்திருந்தார் என்பதை உள்வகைகளின் பெயர்களே காட்டுகின்றன. மலையேறும் வண்டியும் பந்தய வண்டியும் அவருக்கு நினைவில் இருந்தன. பால் கொண்டுவந்து வாசலில் வைத்த வண்டி நினைவில் இல்லை. அதை ஓட்டுகிறவரும் வாடிக்கையாளர். அதற்கு டயர் விற்கிறவரும் வணிகர். இருவரிடமிருந்தும் சந்தை தரகு வாங்கியிருக்கிறது. தரகு வாங்கும்போது கண்ணில் பட்டவர்கள் வகை வகுக்கும்போது ஏன் மறைந்துபோகிறார்கள்? புகார் வரும்போது வணிகரின் கணக்கைத் தேடிக் கண்டுபிடித்துப் பணம் பிடிக்கத் தெரிந்த அலுவலகத்துக்கு, அதே புகாரில் இருந்த நிழற்படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கத் தெரியாமல் போனது எப்படி?

கோரப்படுவது பெரிதல்ல. அந்த டயர் எந்த வண்டிக்குரியதோ அந்த வண்டியின் பெயரால் ஓர் உள்வகை வேண்டும். டயருக்கும் டியூபுக்கும் ரிம்முக்கும் உரிய படிவங்களில், மில்லிமீட்டர் விட்டத்தைக் குறிக்கும் அந்த மூன்று இலக்கங்களை நிரப்பாமல் பொருளை ஏற்ற முடியாது என்ற ஏற்பாடு வேண்டும். டயர் செய்யும் தொழிற்சாலைகள் அந்த எண்ணைப் பக்கச் சுவரில் பொறித்தே அனுப்புகின்றன, எடுத்து எழுதினால் போதும். வணிகர் எழுதிய எண்ணை மென்பொருள் அழிக்கக் கூடாது. வகையை மாற்றியே ஆக வேண்டும் என்றால், சைக்கிளைக் கழற்றி மாட்டத் தெரிந்த ஒருவர் பார்த்து, தம் பெயரைக் குறித்து, மாற்றட்டும். பிறகு தவறு நேர்ந்தால் யாரைக் கேட்பது என்பதாவது தெரியும். மென்பொருளின் தவற்றுக்காக வணிகரிடம் பிடித்த பணம் முழுவதும் திரும்ப வர வேண்டும். அவர் பெயரில் சேர்ந்த ஒற்றை நட்சத்திரங்கள் நீக்கப்பட வேண்டும். ஹைப்ரிட் என்று நம்பி அந்த டயரை வாங்கி இன்னும் திருப்பி அனுப்பாதவர்கள் யாரேனும் இருந்தால், அதை மாட்ட வேண்டாம் என்று அவர்களுக்கு உடனே செய்தி போக வேண்டும். மற்றவை தாமதமானாலும் இந்தக் கடைசிக் கோரிக்கை ஒரு நாளும் தாமதமாகக் கூடாது. வாங்கியவர்களின் முகவரியும் தொலைபேசி எண்ணும் வணிகரிடம் இல்லை, சந்தையிடம் மட்டுமே இருக்கின்றன.

இந்த மடலுக்கும் தானியங்கிப் பதில் ஒன்று வந்து சேரும் என்றால் அதை அனுப்பவே வேண்டாம். அந்த நிழற்படத்தை எடுத்து, மேலே உள்ள எண்ணையும் கீழே உள்ள எண்ணையும் படித்து, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்துப் பார்த்த ஒருவர், தம் பெயரையும் பதவியையும் எழுதிக் கையொப்பமிட்டு, அந்தக் கடைக்காரருக்குப் பதில் எழுதட்டும்.

இங்ஙனம்,
சிறு சைக்கிள் வணிகர்களின் சார்பில்